கண்டக்டர் ஓட்டிய லாரி

உட்காருவதற்கு முன் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். லாப்டாப்பின் பின்பக்கம் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். "கண்ணாடி துடைக்காம வண்டியை எடுக்கக் கூடாது" என்று திரையைத் துடைக்கிறார். நாற்காலியை முன்னே இழுத்து, பின்னே தள்ளி, முதுகு பொருந்தியதும் கண்ணை மூடி வேண்டிக்கொள்கிறார். மேலே இருப்பவனை நினைக்காமல் அவர் எந்த வண்டியையும் எடுத்ததில்லை. விளையாட்டு லாரி என்றால் மட்டும் என்ன?

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வேலைக்காக வெளியூர் போன மகள் வாங்கித் தந்த கேமிங் லாப்டாப் இது. ஞாயிறு மத்தியானம் அப்பாவுக்கு ஒரு லாரி, மகளுக்கு ஒரு லாரி. இணையத்தில் ஒரே சாலை. போனில் பேசினால், "சாப்பிட்டியாம்மா?", "சாப்பிட்டேன்பா." அத்தோடு வார்த்தை தீர்ந்துவிடும். லாரியில் ஏறிவிட்டாலோ மேனேஜர் முறைத்தது, அறைத்தோழி குறட்டை விட்டது என்று எல்லாவற்றையும் கொட்டுவாள்.

ஆனால் இவர் லாரி ஆரம்பத்திலிருந்தே திக்கித் திக்கித்தான் போகும். போன வாரம் ஒரு வளைவில் படம் அப்படியே நின்று, வண்டி வயலுக்குள் இறங்கிவிட்டது. "விட்டுடலாம்பா. உங்களுக்கும் கஷ்டம்" என்றாள் மகள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சிக் கேட்டுத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, ஒயரைப் பிடுங்கி நடுவழியில போட்டிருக்கீங்க? காலைத் தடுக்குது" என்றபடி வந்தார் வீட்டுக்காரம்மா.

"டேங்க் ரொம்பிடுச்சு இல்ல? பங்க்குக் குழாயைச் செருகிக்கிட்டே எவனாவது வண்டி ஓட்டுவானா?"

லாப்டாப்பிலிருந்து மகளின் குரல் வீறிட்டது.

"அப்பா! சார்ஜரைப் பிடுங்கிட்டா ஓட்டுறீங்க? உள்ளே படம் வரையறதுக்கு ரெண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்குப்பா. ஒண்ணு பிராசஸரோட ஒட்டினது, சும்மா படம் பார்க்க. இன்னொண்ணு தனியா, பெருசு, கேமுக்குன்னே வெச்சது. ஒயரை எடுத்துட்டா, பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பெருசு தூங்கிடும். சின்னதே எல்லாத்தையும் இழுக்கணும்."

"அடக் கடவுளே! டிரைவர் தூங்கிட்டாரு, இத்தனை நாளும் கண்டக்டரா ஓட்டினாரு?"

"பாவம், அவரும் விசிலடிச்சே இவ்வளவு தூரம் வந்துட்டாரே" என்றார் வீட்டுக்காரம்மா.

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சார்ஜரைச் செருகி, விளையாட்டை மூடித் திறந்தார். உள்ளே விசிறி இரைந்தது. "முழிச்சிட்டாரு பெரியவரு!" சாலை தண்ணீர் மாதிரி ஓடியது. ஓரத்து மரங்களில் இலை அசைவதை இன்றுதான் பார்க்கிறார்.

"அப்பா, மெதுவா! என்னால பிடிக்க முடியல. அடுத்த வாரம் மலைப்பாதையில போகலாமா?"

பின்னால் மகளின் லாரி ஹாரன் அடித்தது. வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். கதவும் இல்லாத, ஜன்னலும் இல்லாத அந்த நாற்காலியிலிருந்து வலது கையை வெளியே நீட்டி, "போம்மா, போ" என்று மெல்ல அசைத்தார்.