கழுவாத கினோவா

வஸ்தியாம்பிள்ளை ஒருகாலத்தில் அரிப்பு ஊரில் படகுகள் வைத்திருந்த சம்மாட்டி ஒருவருக்கு மூன்று லட்சம் ரூபா கடன்காரர். வலையும் இயந்திரமும் வாங்கப் பட்ட கடன். அதை வட்டியோடு அடைத்து, சொந்தத்தில் இரண்டு படகு விட்டு, மன்னாரில் கல்வீடும் கட்டினார். ஐந்தாம் வகுப்புத் தாண்டாத மனிதன் இப்படி எழும்பியது சின்ன விசயமா? இந்தக் கரையில் இன்னொருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். பிறர் சொல்வதைக் காதில் வாங்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லாமற் போயிற்று.

சீனி வருத்தம் கூடியபோது, சோற்றைக் குறைத்துக் கினோவா என்ற வெளிநாட்டுத் தானியத்தைச் சாப்பிட்டுப் பார்க்கும்படி டொக்டர் சொன்னார். உப்புக்குளப் பகுதியில் முபீனின் பலசரக்குக் கடையில் அது இருந்தது. அரைக் கிலோ ஆயிரத்து அறுநூறு ரூபா. விலையைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதற்காகவே வஸ்தியாம்பிள்ளை நோட்டுகளை மேசையில் விரித்துப் போட்டார்.

"ஐயா, இத நாலஞ்சு தரம் நல்லாக் கழுவிப்போட்டுத்தான் அவிக்கணும். நுரை போகணும்," என்றான் முபீன்.

"எனக்கு உலை வைக்கப் பழக்கப்போறியோ, தம்பி? நீ பிறக்கமுந்தி நடுக்கடலில சமைச்ச ஆள் நான்."

கடையே சிரித்தது. முபீனும் சிரித்தான்.

வீட்டில் மனைவி மார்த்தா அரிசி களைவதுபோல் களையச் சட்டியை எடுத்தாள். அவர்கள் கிணற்றில் உவர்த் தண்ணீர். சமையலுக்குக் கலனில் வரும் விலைத் தண்ணீர்தான்.

"வெளிநாட்டால பைக்கற்றில வந்த சாமானை ஏன் கழுவுறாய்? காசு குடுத்து வாங்கின தண்ணி வாய்க்காலில ஓடவோ?" என்று தடுத்தார் அவர்.

மார்த்தா பாதியை மட்டும் அப்படியே உலையில் போட்டாள். கொதிக்கத் தொடங்கியதும் சவர்க்காரத் தண்ணீர்போல் நுரை பொங்கி அடுப்பில் வழிந்தது. வஸ்தியாம்பிள்ளை ஒரு வாய் வைத்தார். வாயெல்லாம் கசந்தது.

"சவுக்காரத்தூள் கலந்த சாமானை என்ர தலையில கட்டியிருக்கிறான்!"

பானையோடு ஓட்டோவில் ஏறிக் கடைக்கே போய்விட்டார். சனம் நிறைந்த பின்னேரம்.

"மணந்து பாருங்கோ! இவன் சவுக்காரத்தைச் சாப்பாடெண்டு விக்கிறான்! கள்ள வியாபாரம்!"

பருப்பு வாங்கிக்கொண்டிருந்த மங்கையற்கரசி ரீச்சர் பொட்டலத்தை மேசையில் திருப்பி வைத்துவிட்டு இறங்கினா. அவவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். முபீன் பானைக்குள் பார்த்தான். ஆயிரத்து அறுநூறையும் எடுத்து நீட்டினான். வஸ்தியாம்பிள்ளை வென்ற ஆள்போல் வாங்கிச் சட்டைப்பையில் செருகினார்.

மறுநாள் மத்தியானம் மார்த்தா ஒரு கோப்பையில் சாப்பாடு வைத்தாள். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு தாளித்த இறால். அதில் புரட்டிய மணி மணியான ஏதோ ஒன்று. மேலே பிழிந்துவிட்ட தேசிக்காய்ப் புளி. இறாலின் சாறு ஒவ்வொரு மணியிலும் ஊறியிருந்தது. அவர் வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்டார்.

"இதல்லோ சாமான்! எந்தக் கடையில வாங்கினனீ?"

"முபீன்ர கடைச் சாமான்தான். மிச்சப் பாதி. உங்களைக் கேளாமல் கழுவினனான்."

அவருடைய கை கோப்பையிலேயே நின்றது.

"கழுவச் சொல்லி அவன் சொல்லேல்லையோ?" என்று மார்த்தா கேட்டாள்.

பொய் சொல்ல வாய் எழும்பவில்லை. "சொன்னவன்."

"பிறகும் அந்தப் பிள்ளையைச் சனத்துக்கு முன்னால கள்ளன் எண்டுபோட்டு வந்தனீங்களோ?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நீ கொண்டுபோய்க் காசைக் குடுத்திட்டு வாவன்."

"கத்தினது நானோ? கத்தின வாயையும் கொண்டு நீங்களே போங்கோ. சனம் நிக்கிற நேரமாப் போங்கோ."

பின்னேரம் போனார். நேற்று நிரம்பி நின்ற கடையில் இரண்டே பேர். ஈ ஓட்டிக்கொண்டிருந்தான் முபீன். வஸ்தியாம்பிள்ளைக்குக் காது சுட்டது. ஆட்கள் குறைவு, சட்டென்று முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு அந்த நினைப்புக்கே வெட்கப்பட்டு, ரீச்சர் வீட்டுப் படலையில் போய் நின்றார்.

"ரீச்சர், ஒருக்கா முபீன்ர கடையடிக்கு வாங்கோ. நான் சொல்லுறதை நீங்களும் கேக்கவேணும்."

கடலில் அடுத்த படகுக்குக் கேட்கக் கூப்பிடும் அந்தக் குரல், கடைவாசலில் கம்மிப்போய்விட்டது. இரண்டாந்தரம் சொல்லித்தான் எல்லாருக்கும் கேட்டது.

"சாமான் திறம் சாமான். கழுவச் சொன்னவன். நான்தான் கேக்கேல்லை. பிழை என்னில."

ரீச்சர் நிலத்தைப் பார்த்தா.

"விடுங்க ஐயா," என்றான் முபீன். ஆனால் சிரிக்கவில்லை.

"விடேலாது. கையை நீட்டு, தம்பி."

முபீன் தயங்கித் தயங்கி உள்ளங்கையை விரித்தான். வஸ்தியாம்பிள்ளை தலையைக் குனிந்தபடி, ஒரு ஆயிரத்தை அதில் வைத்தார். அதன்மேல் ஐந்நூறு. அதன்மேல் நூறு.