செவுள் பார்த்த கண்

காத்திருப்பது எனக்கு ஆகவே ஆகாது. பஸ் ஐந்து நிமிஷம் லேட்டானால் நடக்க ஆரம்பித்துவிடுவேன். அப்படிப்பட்டவளிடம் அப்பாவின் உடம்பிலிருந்து ஊசியால் எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்துக் கொடுத்து, காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு நீங்களே கொண்டுபோங்க என்று அனுப்பினார்கள். அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கம். சாதாரண வீக்கமா, புற்றுநோயா என்று இங்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கே ஏதோ புரதத்தைத் தேடிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம்.

"கெட்டதுன்னு வந்தா எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன். பேசாம கடலுக்குப் போயிடுவேன்" என்று அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார். முப்பது வருஷம் படகில் போன மனுஷன், சொன்னால் செய்வார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "போங்க, போயி மீனுக்கு இரையாகுங்க" என்று கத்திவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன்.

மெழுகுக் கட்டியைக் கொடுத்து ஒரு வாரம் கழித்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனேன். ரிப்போர்ட் வர மதியம் ஆகும் என்றார்கள். உட்கார்ந்தேன், எழுந்தேன், தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்தேன். மூன்றாவது தடவை பரிசோதனை அறைக் கதவைத் தட்டியபோது அங்கிருந்த டாக்டரம்மாவுக்கே பாவமாகிவிட்டது போல. "அதைத்தாங்க பாத்துக்கிட்டு இருக்கேன். வேணும்னா நீங்களும் பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். நான் குனிந்த நேரம் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

எல்லாம் வெளிர் நீலம். நடுவில் சின்னச் சின்ன வட்டங்கள், கூட்டமாக, பளிச்சென்று. ஓரத்தில் மட்டும் நாலைந்து வட்டங்களைச் சுற்றிப் பழுப்பு வளையம். இன்றைக்கு ஒரு ஆபீசில் குப்பை கொட்டினாலும், நான் அம்மாவின் மீன் கூடையோடு வளர்ந்தவள். செவுளைத் தூக்கிப் பார்ப்போம். சிவப்பாக இருந்தால் நல்ல மீன், பழுப்படித்தால் போச்சு. அப்படியே பார்த்தேன். ஓரத்தில் நாலைந்துதான் கெட்டிருக்கிறது, மீதியெல்லாம் சுத்தம்! யாரையும் கேட்கத் தோன்றவில்லை. வராந்தாவுக்கு ஓடி அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"என் கண்ணால பாத்தேம்ப்பா. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அப்பா அழுது அதுவரை நான் கேட்டதில்லை.

"நெசமாவாடி? ரொம்பப் பயந்துட்டேன். கடலுக்குப் போறேன்னதெல்லாம் சும்மா வீம்புக்குச் சொன்னது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா இருக்குடி."

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். டாக்டரம்மா திரும்பி வந்திருந்தார். "பழுப்பு கொஞ்சம்தானே டாக்டர்?" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. என்னை உட்கார வைத்துச் சொன்னார். நான் பார்த்த வட்டங்கள் எல்லாம் சுரப்பிகள். நல்ல சுரப்பியைச் சுற்றி வேலி மாதிரி ஒரு வரிசை செல் இருக்கும். அதிலுள்ள புரதத்தில்தான் பழுப்புச் சாயம் பிடிக்கும். புற்றுநோய் வந்த இடத்தில் அந்த வேலியே இருக்காது, பழுப்பும் ஏறாது.

"ஓரத்துல இருக்கறதுதாங்க நல்லது. நடுவுல இருக்கறதுதான்…" என்றவர் முடிக்கவில்லை. "வைத்தியம் இருக்கு. தள்ளிப்போடாம அவரைக் கூட்டிட்டு வாங்க."

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணித் தொலைத்தேன்! முந்திரிக்கொட்டை என்று அம்மா என்னைத் திட்டுவது சும்மா இல்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நேரில் போய்ச் சொல்லலாமா? நான் வீடு போய்ச் சேர்வதற்குள் தெரு முழுக்க நல்ல சேதி பரவியிருக்கும். அப்பாவின் அழுகை காதை விட்டுப் போகவே இல்லை. போனை எடுத்தேன்.

"அப்பா, நான் தப்பாப் பாத்துட்டேன். கெட்டதுதாம்ப்பா."

போனை வைத்துவிடுவாரோ என்று பதறிப் பொரிந்து தள்ளினேன். "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு இனிமே என்கிட்ட சொல்ல முடியாது. இருக்கணும்னு ஆசையா இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. என் காதால கேட்டேன். வாங்கப்பா."

அப்பா கேட்டார்.

"காலைல மொத பஸ்ஸு எத்தனை மணிக்கு?"