மலையில் வலிக்காத முட்டி

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பத்து வயதிலேயே ஒரு ரெஃப்ரியைப் பார்த்து, "கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று கேட்டு மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பப்பட்டவள் நான். ஆடுகிறவர்களை வெளியே அனுப்புவதுண்டு. பார்க்க வந்தவளை அனுப்பியது இதுதான் முதல் தடவை என்று அப்பா பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதே வாயால் இன்னொரு காரியமும் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே சொல்வேன். அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன்.

எங்கள் கிளப்புக்கு நீலச் சட்டை. பெரம்பலூருக்கு வெளியே பருத்திக்காட்டை ஒட்டிய கரிசல் மைதானம். மழை பெய்தால் பந்து சேற்றில் புதைந்துகொள்ளும், வெயில் அடித்தால் வெடிப்பில் கால் மாட்டும். அதில்தான் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆட்டம். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவர், காலேஜில் படிக்கிறவர்கள் என்று பதினோரு பேர். அதில் ஏழாம் நம்பர் சட்டை என் தாய்மாமாவுடையது. அம்மாவுக்குக் கடைசித் தம்பி, டிராக்டர் ஷெட்டில் மெக்கானிக். எங்கள் தெருவிலிருந்து அந்த டீமில் ஆடியவர் அவர் ஒருத்தர்தான். பந்து காலுக்கு வந்துவிட்டால் வலது ஓரமாக ஓடுவார் பாருங்கள், விரட்டிக்கொண்டு வருகிறவன் பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். நான் பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே அவர் கூடவே ஓடுவேன்.

சனிக்கிழமை பந்து என்றால் ஞாயிற்றுக்கிழமை மலை. அன்றைக்கு மாமாவுக்கு ஷெட் லீவு, எனக்கு ஸ்கூல் லீவு. அம்மா கட்டிக் கொடுக்கிற புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் காலையிலேயே கிளம்பிவிடுவோம். ஒரு வாரம் பச்சைமலை, ஒரு வாரம் சிறுவாச்சூர் மலை. "மலை ஏறுனாத்தான் பாப்பா காலுக்குத் தெம்பு. தொண்ணூறு நிமிசமும் ஓடலாம்" என்பார். எனக்குத் தொண்ணூறு நிமிடமும் கத்த வேண்டியிருந்தது. அதனால் நானும் ஏறினேன்.

அந்த வருடம் எங்கள் கிளப் முதல் முறையாக ஒரு டோர்னமென்ட்டில் ஃபைனலுக்கு வந்தது. செமி ஃபைனலில் இரண்டு கோலும் மாமா போட்டது. அதுவரை ஆட்டங்கள் எல்லாம் அங்கங்கே ஸ்கூல் மைதானங்களில் நடந்தன. ஃபைனல் மட்டும் கோப்பை கொடுக்கிற ஊரில், அரியலூர்ப் பக்கம், அந்த ஊர்க் கோயில் திடலில். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. டின் நசுங்கிப்போயிருந்தது என்று அப்பாவை நச்சரித்துப் புது டின் வாங்கி வைத்திருந்தேன்.

பெரிய ஆட்டம் என்றால் பதினோரு சட்டைகளையும் துவைத்து மடித்து, சிறுவாச்சூர்க் காளியின் காலடியில் வைத்து எடுத்து வருவது எங்கள் கிளப்பின் வழக்கம். அந்தக் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாளெல்லாம் ஆத்தா மலைக்குப் போய்விடுகிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெள்ளிக்கிழமை கேப்டன் சட்டைகளைக் கொண்டுபோனபோது நானும் ஒட்டிக்கொண்டு போனேன். பூசாரியிடம் கொடுக்கும்போது எண்ணிப் பார்த்தேன். ஆறு இருந்தது, எட்டு இருந்தது, ஏழைக் காணோம்.

"மாமா சட்டை எங்கண்ணே?" என்றேன்.

"ஒங்க மாமாவையே கேளு" என்று சொல்லிவிட்டுக் கேப்டன் பூசாரி பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் மாமா வலது முட்டியில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார். பிராக்டீஸில் முட்டி பிசகிவிட்டதாம், ஃபைனல் ஆட முடியாதாம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அழுது முடிக்கிறவரை இருந்து பார்த்துவிட்டு மாமா மெதுவாகச் சொன்னார்.

"ஆத்தா பாக்காத சட்டை ஒண்ணு நின்னுபோனா டீமுக்குத்தானே கொறை? ஞாயித்துக்கெழம ஆத்தா மலையிலதான இருப்பா. நாம மேல போயி காட்டிட்டு வந்துருவோம். ஒங்கையாலயே கொண்டாந்து வையி. கப்பு நமக்குத்தான்."

"அப்ப ஃபைனலு?"

"பன்னெண்டு மணிக்கு எறங்கிட்டா மூணு மணிக்கு அங்க நிக்கலாம்."

"சத்தியமா?"

"சத்தியமா."

முட்டி பிசகியவர் மலை ஏறுகிறேன் என்கிறார். அது எப்படி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ரெஃப்ரியையே கேள்வி கேட்ட வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ தெரியவில்லை. ஆத்தாவிடம் சட்டை காட்டும் பெரிய பொறுப்பு என் கையில் வந்துவிட்டதே, அந்தப் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சட்டையை மஞ்சள் பைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன். அடிவாரம் தாண்டியதுமே மாமா, "வேர்க்குது" என்று முட்டிக் கட்டை அவிழ்த்துச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அப்புறம் என்னைவிட வேகமாக ஏறினார். நான்தான் நின்று நின்று மூச்சு வாங்கினேன்.

மேலே போய்ச் சட்டையை விரித்து வைத்து, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்தோம். நான் கேப்டனில் தொடங்கி கோல் காக்கிற கோலிவரை ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டினேன். ஒரு பெயரை விட்டுவிட்டோமோ என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மாமா கும்பிடவே இல்லை. சட்டையைப் பார்த்தபடி நின்றார்.

பன்னிரண்டு ஆனது. "செத்த படுத்துட்டுப் போவோம்" என்று பாறை நிழலில் சாய்ந்தார். பன்னிரண்டே முக்காலுக்கு எழுப்பினால், "சோறு தின்னுட்டு எறங்குவோம்" என்றார். தின்றோம். தின்று முடித்தும் எழுந்திருக்கவில்லை. அவர் போனைப் பிடுங்கிப் பிடுங்கி மணி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கீழே விழுந்து கிடந்த ஒரு விளாங்காயைக் காலால் நெம்பித் தூக்கித் தட்ட ஆரம்பித்தார். வலது காலில். அதே கட்டுப் போட்ட காலில். என்னையறியாமல் எண்ணினேன். நாற்பத்தோரு தடவை, ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை.

"மாமா, ஒனக்கு முட்டி வலிக்கல?"

விளாங்காய் விழுந்து சரிவில் உருண்டு போயிற்று.

"மலையில வலி தெரியாது பாப்பா" என்றார்.

"வலிக்கலன்னா ஆடியிருக்கலாம்ல? ஏன் ஆடல? சொல்லு, ஏன் ஆடல?"

மாமா தூரத்தில் ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மணி ஒன்றரை. நான் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே இறங்க ஆரம்பித்தேன். "பாப்பா, பாத்து, வழுக்கும்" என்று பின்னாலேயே வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது மூன்றே கால். அரியலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். மாமா கையைப் பிடித்து இழுத்தேன். கல்லு மாதிரி நின்றார். "இனிமே போயி என்ன பாப்பா, ஆட்டம் முடிஞ்சிரும்" என்றார். பாதி ஆட்டமாவது பார்ப்பேன், கடைசிப் பத்து நிமிடமாவது பார்ப்பேன் என்று கெஞ்சினேன். பஸ் என் கண்ணெதிரே போனது. மாமா ரோஸ்மில்க் வாங்கி வந்து நீட்டினார். நான் வாங்கவில்லை. கடைசிவரை அவரும் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

இவர் முதலிலிருந்தே என்னைக் கூட்டிப்போகிற எண்ணத்தில் இல்லை என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. சத்தியம் பண்ணி ஏமாற்றியிருக்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பஸ் ஸ்டாண்டையே கொளுத்தியிருப்பேன்.

டிக்கெட் எடுக்கும்போது எங்கள் ஸ்டாப்பைக் காலனி ஸ்டாப் என்றுதான் சொல்ல வேண்டும். நான் அடம்பிடித்து ஸ்டாண்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டதால், அங்கே இறங்கும்போது இருட்ட ஆரம்பித்திருந்தது. மாமா மதகின் மேல் உட்கார்ந்து முட்டியில் கட்டை மறுபடி கட்டிக்கொண்டார். நொண்டி நொண்டி நடந்தார். எனக்கு ஒரே எரிச்சல். டீக்கடை முக்குக்கு வந்தால் எதிரே கொட்டுச் சத்தம். மினி லாரி நிறைய நீலச் சட்டைகள். ஒன்றுக்கு சைபர் என்று ஜெயித்துவிட்டார்கள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு கேப்டன் லாரியிலிருந்து குதித்தார். கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு மாமாவிடம் வந்தார்.

"முட்டி எப்புடிடா இருக்கு?" என்றார், டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"பரவால்ல" என்றார் மாமா.

அவ்வளவுதான். எனக்குள் இருந்த அத்தனையும் வெடித்துவிட்டது.

"முட்டியும் இல்ல கிட்டியும் இல்ல! சும்மா நொண்டுறாரு! மலை முழுக்க என்னையவிட வேகமா ஏறுனாரு. வெளாங்காய நாப்பத்தோரு தடவ தட்டுனாரு, இதே காலுல. பயந்துக்கிட்டு ஆட வரல. பயந்தாங்கொள்ளி! பொய்யி, எல்லாம் பொய்யி!"

கொட்டு நின்றுவிட்டது. கேப்டன் தரையைப் பார்த்தார். கோலி கையுறையில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தார். லாரியில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிந்தார்கள். பரவாயில்லை, மாமாவின் பொய் வெளுத்துவிட்டது, அவருக்காக இவர்கள் வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு பல வருடம் நான் மாமாவோடு மலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தால், "முட்டி வந்திருக்காரு" என்பேன். அவர் சிரித்துக்கொள்வார். காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்தக் கிண்டலை விடவில்லை. ஒரு நாள் டிவியில் ஏதோ ஃபைனல் ஓடிக்கொண்டிருந்தது. "நம்ம முட்டியார் இருந்தா மலைக்கு ஓடியிருப்பாரு" என்றேன். அம்மா உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தை முறத்தில் வீசினாள்.

"வாய மூடுடி. அந்த ஃபைனல் நடந்த ஊர்க்காரங்க, அவங்க கோயில் தெடல்ல காலனிக்காரன் எறங்கப்படாதுன்னு சொல்லிட்டாங்க. எறங்குனா ஆட்டமே கெடையாதுன்னாங்க. அந்தக் கேப்டன் இதோ இந்த வாசல்ல நின்னு, ஒரு ஆட்டந்தான்டா, முட்டின்னு சொல்லிக்கடான்னு கேட்டான். சரின்னுட்டான் ஒங்க மாமன். எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான், பாப்பாவ மட்டும் அங்க விட்றாதீங்கன்னு. நீ சும்மா இருப்பியா? எங்க மாமா ஏன் ஆடலன்னு தெடலு நடுவுல நின்னு கத்துவ. அதுக்கு அவனுங்க சொல்ற பதில நீ கேக்கக் கூடாதுன்னுதான் மலையிலயே ஒக்கார வச்சிருந்தான்."

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் மேல் வருகிற கோபத்தைக்கூட எளிதாகச் சொல்லிவிடலாம். அவர்களை எனக்கு முகம் தெரியாது. இந்தப் பத்துப் பேரை எனக்குத் தெரியும். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி மலையில் இரண்டு தடவை வேண்டிக்கொண்டவள் நான். அதில் ஒரே ஒருவர், "அப்ப நாங்களும் வரல" என்று சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? ஃபைனலுக்குக் கொண்டுவந்த இரண்டு கோலும் யார் கால் போட்டது? வருடங்கள் கழித்துக் கேப்டனை மார்க்கெட்டில் பார்த்தபோது நேராகவே கேட்டேன். "அப்ப வேற வழியில்ல தங்கச்சி" என்றார். வழி இருந்தது. கோப்பை இல்லாமல் வீட்டுக்கு வருகிற வழி. அந்தக் கோப்பை இன்னும் கிளப் ரூமில் கண்ணாடி அலமாரிக்குள்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் போய் நின்றால் என் கை சும்மா இருக்காது என்பதால் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

ஆனால் அதையெல்லாம்விட அந்த டீக்கடை முக்குதான் திரும்பத் திரும்ப வருகிறது. நான் கத்தி முடித்து, எல்லோரும் தலை குனிந்து நின்றபோது, மாமா என் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கிக்கொண்டார். "வா பாப்பா, அம்மா தேடுவா" என்றார். அவ்வளவு பேர் பார்க்க, தெரு முக்கிலிருந்து எங்கள் வீட்டு வாசல்வரைக்கும் அந்த வலது காலை இழுத்து இழுத்து நொண்டிக்கொண்டே நடந்தார். பின்னால் போன எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. அதுதான் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்றே, இன்னும் யாருக்காக இவர் நொண்டுகிறார் என்று.