கட்டிலோரம் தொங்கிய பை

தம்பிக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது என்றதும் அம்மா ஆஸ்பத்திரியை நினைக்கவே இல்லை. கொல்லைப் பக்கம் போய் மருதாணி உருவிக்கொண்டு வந்தாள். காமாலை என்றால் இலைதான், ஊசி போட்டால் ஆளையே கொன்றுவிடும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். சங்ககிரியில் லாரி ஓட்டுகிற தம்பியும் மறுபேச்சு இல்லாமல் அரைத்த விழுதை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடித்தான். அம்மியில் ஒட்டியிருந்ததை வழித்து உருட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று என் மகன் வாயிலும் வைத்தாள் அம்மா. அவன் கசப்பு தாங்காமல் துப்பிவிட்டு ஓடினான். ஆசையாகக் கொடுத்ததைத் துப்புகிறாயே என்று நான் வேறு திட்டினேன்.

அதற்கப்புறம் தம்பிக்கு மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. காமாலை இறங்குகிறது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். பிறகு மூத்திரமே வரவில்லை. முகம் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர், அக்கா யார் என்று கேட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி தம்பிக்குப் பிறவியிலேயே குறைவு. சில மாத்திரைகளும் மருதாணி மாதிரி சில இலைகளும் உள்ளே போனால் அணுக்கள் உடைந்துவிடும். உடைந்தது எல்லாம் சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் குறை தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது என்றார். கிட்னி திரும்ப வேலை செய்யுமா என்று கேட்டேன். பெரும்பாலும் செய்யும் என்றார். அந்தப் ‘பெரும்பாலும்’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னேன். இலை அரைத்த கையைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தவளிடம், ரத்தமும் உன்னுடையதுதான் என்று எந்த வாயால் சொல்வது?

டயாலிசிஸ் நடந்தது. கட்டிலோரம் ஒரு பை தொங்கியது. குழாய் வழியாக மூத்திரம் அதில் இறங்க வேண்டும், இறங்கவில்லை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் தம்பி முகத்தைப் பார்ப்பதற்கு முன் குனிந்து பையைப் பார்த்தார்கள். “ஏனுங்க, வந்துச்சுங்களா?” என்பதுதான் நலம் விசாரிப்பு. பெரியப்பா ஒருவர் நீர் பிரியட்டும் என்று தோட்டத்து இளநீரைக் குலையோடு கொண்டுவந்தார். இந்த நிலையில் இளநீரில் இருக்கிற பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் என்று நர்ஸ் விரட்டாத குறை. அவர் குலையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. லாரியை விட்டால் வேறொன்றும் தெரியாத பிள்ளை, காலமெல்லாம் மெஷினில் கிடக்கப் போகிறானா என்று பயமாக இருந்தது.

ஒரு காலையில் பையின் அடியில் கொஞ்சம் தேங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் பை கனத்துவிட்டது. அதைப் பார்த்து நான் வெட்கமில்லாமல் அழுதேன். கிட்னி விழித்துக்கொண்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார்.

அம்மா அழவில்லை. டாக்டரைப் போகவிடாமல் நிறுத்தினாள்.

“என்ற பேரனுக்கும் அந்த ரத்தத்தப் பாத்துருங்க, சாமி. எங்கிட்ட இருந்துதான பையனுக்குப் போயிருக்குது. எம்பொண்ணும் நான் பெத்ததுதானுங்க.”

அம்மாவின் கூடப் பிறந்த ஆண்களில் யாருக்காவது இப்படி மூத்திரம் கறுத்ததா என்று சின்ன டாக்டர் ஒருவர் முன்பே அவளிடம் கேட்டிருக்கிறார். அதிலிருந்தே எல்லாம் புரிந்து, எனக்குத் தெரியக் கூடாது என்று அவளும் மறைத்திருக்கிறாள். என் வழியாக என் மகனுக்கும் வந்திருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டர் என்னைப் பார்த்து, பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துவிடலாம் என்றார்.

நான் வராந்தாவுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். மகன்தான் எடுத்தான்.

“மாமனுக்கு வந்துருச்சாம்மா?”

வந்துவிட்டது என்றேன். அவன் குதிக்கிற சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

“நீ ஒண்ணுக்குப் போனியா, சாமி? என்ன நெறமா இருந்துச்சு?”