சீட்டில் விழுந்த கொள்கை

வியட்நாமின் தூ டுக் நகரில் எங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆங்கிலச் சொற்போரில், "கூலி வாங்கிச் சுவரில் வரைபவன் கிராஃபிட்டி கலைஞனே அல்லன்" என்று முழங்கினேன். குலுக்கல் சீட்டில் எனக்கு விழுந்த அணி அது. சான்றாக, அருகிலிருந்த கஃபேயின் சுவரில் ரஃபீக் அண்ணன் வரைந்துகொண்டிருந்த ஓவியத்தைக் காட்டினேன். காரைக்கால் வம்சாவளியினரான அவர், இந்நகரில் முதன்முதலில் ஸ்ப்ரே டப்பா பிடித்தவர்களுள் ஒருவர். "நரை விழுந்ததும் கலகம் விலைபோய்விட்டது" என்றேன். அரங்கம் அதிர்ந்தது.

மறுநாள் அவ்வோவியத்தின் குறுக்கே கறுப்புக் கோடு ஒன்று கிடந்தது. ஒருவரைப் போலி என்று அறிவிக்க அக்கலையுலகம் இடும் குறி அது. இழுத்தவர்கள், என் பேச்சைக் கேட்ட மாணவர்கள். கஃபே முதலாளி வேலையை நிறுத்திவிட்டார்.

மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அண்ணன் ஏணியைப் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"புள்ளைங்க கோபம் புரியுது தம்பி. அந்த வயசுல நானும் அடுத்தவன் படத்துல கோடு இழுத்தவன்தான். நீ நம்பித்தான் பேசினியா?"

"சீட்டுல அந்தப் பக்கம்தான் வந்துச்சுண்ணே."

"அடேயப்பா! சீட்டு மாறியிருந்தா என்னைத் தூக்கி வச்சு ஆடியிருப்பே, இல்ல?" என்று சிரித்தார்.

ஆடியிருப்பேன், அதே குரலில்.

கோடு இழுத்தவர்கள் தாம் நம்பியதற்காக இழுத்தார்கள். நானோ நம்பாத ஒன்றுக்காக ஒருவரின் பிழைப்பில் கைவைத்தேன். அம்மாணவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு இன்றுவரை நா எழவில்லை.