லேஸ் இல்லாத கல்யாணக் கவுன்

தையல்காரி மேல் ஊர் போடுகிற பழி ஒன்றுதான்: துணியை அடித்துவிட்டாள் என்பது. வெட்டி விழுந்த துண்டைக்கூட முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற எனக்கே அந்தப் பேர் வந்தது.

எண்பதுகளின் கடைசி. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசையில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பிராவிலேயே மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். என் உயிர்த்தோழிக்குத் தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவில் பிள்ளை பார்க்கிற வேலை. துரைசாணி கழித்துப்போட்ட வெளிநாட்டுப் பேஷன் புத்தகம் ஒன்றை ஒருநாள் கொண்டுவந்து விரித்தாள். படத்தில் ஒருத்தி, வெள்ளைக் கவுனில். பூவேலை இல்லை, சுருக்கு இல்லை, கழுத்தில் ஒரு மணிகூட இல்லை.

"கல்யாணத்துக்கு எனக்கு இதேதான்டி வேணும். பாரு, ஒண்ணுமே இல்லாம எம்புட்டு அழகா இருக்கா!"

"நம்ம ஆளுங்க மூளின்னு சொல்லுவாங்கடி."

"சொன்னா சொல்லட்டும். நான் பாத்துக்கிறேன்."

நம்பினேன், மடச்சி. மாப்பிள்ளை வீட்டார் உடப்புசல்லாவையிலிருந்து சாட்டின் துணியும் லேஸும் அனுப்பியிருந்தார்கள். துணியை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு லேஸைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். லேஸ் இருந்தால் கோணல் தையலை மூடிவிடலாம். இதில் ஒளிய இடமே இல்லை. தோள்பட்டையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். போட்டுப் பார்த்தவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதைவிட நல்ல கவுனை நான் இன்றுவரை தைத்ததில்லை.

மாதா கோயில் வாசலில் மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னம்மா இது, மூளியா வந்து நிக்கிற? நாங்க அனுப்புன லேஸ் எங்க?"

என் தோழி என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாத்தையும் சேத்துத்தான் தைக்கக் குடுத்தேன், மாமி."

"தையக்காரி அடிச்சிட்டாளா?" என்று யாரோ சத்தமாகவே கேட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் தாலி ஏறப்போகிற பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்ல வாய் வரவில்லை. பூசைக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்தேன். அதன்பின் ஒரு பாவாடைத் துணிகூட என் மெஷினுக்கு வரவில்லை.

மறுவீட்டுக்கு வந்தவள், லயத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"கோவிச்சுக்காதடி. அந்த வீட்டுல நான் பொழைக்கணுமே."

கையை உதறினேன். "அப்ப நான் எங்கடி பொழைக்க?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.