எபிரேயக் கவிஞர் ஒருவருக்குத் தமிழில் ஒரு கல்வெட்டு

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளில், அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் சில பாடல்களையும் சிறு நூலாக அச்சிட்டு, வந்தவர்களின் கையில் கொடுத்தனுப்புவது எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம். அதனைக் கல்வெட்டு என்போம். ரொறன்ரோவில் உணவகச் சமையலறைகளில் உழைத்த காலம் முழுவதும், கேட்டவர்களுக்கெல்லாம் நான் கல்வெட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் கற்றது சொற்பம். எஞ்சிய தமிழெல்லாம் பிறர் எழுதிய கல்வெட்டுகளை வாசித்து வாசித்துப் பழகியதே. இன்று எழுதும் இதனை எவரும் என்னிடம் கேட்கவில்லை. இதற்குரியவர் தமிழரும் அல்லர். எபிரேய மொழியில் கவிதை எழுதிய அந்த அம்மையார், சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் எங்கள் கதவுக்கு எதிர்க்கதவில் வாழ்ந்தவர்.

அவருடைய வரலாற்றை, மின்தூக்கி பழுதாகி இருவரும் படிகளில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் வேளைகளில் அவர் சொல்லக் கேட்டு அறிந்தேன். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் இரவல் மொழியாகையால் மெதுவாகவே பேசினோம்.

இஸ்ரேலின் கடலோர நகரமொன்றில் பேருந்துச் சாரதி ஒருவரின் மகளாகப் பிறந்தார். இளவயதிலேயே முதல் நூல் வெளிவந்தது. அதனை வானொலியில் வாசித்தார்கள். அதிலிருந்து ஒரு கவிதையைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள். இரண்டாம் நூலுக்கும் வாழ்த்துக் கிடைத்தது. அதன்பின் ஒருநாள், வழக்கமாக உலாவப் போகும் சவுக்குத் தோப்பு போன்றதொரு காட்டில், மரங்களுக்கிடையே ஒரு கிணற்றுக்கட்டைக் கண்டிருக்கிறார். அங்கே முன்பு ஒரு கிராமம் இருந்தது என்பதும், அதன் அரபு மக்கள் நாடு உருவான போரில் துரத்தப்பட்டவர்கள் என்பதும் விசாரித்தபோது தெரிந்தன. மூன்றாம் நூல் முழுவதும் அந்தக் கிராமத்தைப் பற்றியது. அதற்குப் பின், கவிதை வாசிக்க அழைத்துக்கொண்டிருந்தவர்கள் அழைக்காமல் விட்டார்கள். பாடப்புத்தகத்தின் புதிய பதிப்பில் அவருடைய கவிதை இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கறுப்புடை உடுத்து, தன் நாட்டுப் பட்டாளத்தின் செயல்களைக் கண்டிக்கும் பதாகையோடு நாற்சந்தியில் நின்றார். கடந்துபோன கார்களிலிருந்து துப்பினார்கள்.

கணவருடைய வேலை காரணமாகக் கனடாவுக்கு வந்தார். பின்னர் அந்த மணவாழ்வும் முறிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை முறியவில்லை. இங்கேயும் கறுப்புடையோடு வீதிமுனைக்குப் போவார்.

முதன்முதலில் அதைக் கண்ட என் மனைவி முகஞ்சுளித்தார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா உவ கறுப்பு உடுத்திக்கொண்டு எங்கை போறா? ஆற்றை செத்தவீடு?"

"அவவின்ரை நாட்டு ஆமி கொன்ற சனத்தின்ரை செத்தவீடு" என்றேன்.

மனைவியின் தம்பியை ஊரில் இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போனது; அவன் திரும்பவில்லை.

"எங்கடை பிள்ளையளுக்காக அந்தப் பக்கத்திலையிருந்து ஒருத்தி இப்பிடி றோட்டிலை வந்து நிண்டிருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் எழுந்துபோனார். அடுத்த வெள்ளிக்கிழமை சுடுநீர்ப் போத்தலில் இஞ்சித் தேநீர் ஊற்றி எதிர்க்கதவைத் தட்டினார்.

ஏன் ஆங்கிலத்தில் எழுதக்கூடாது என்று அம்மையாரிடம் கேட்டதுண்டு. "காவலரண்களில் மக்களை இறங்கு, ஏறு, சட்டையைக் கழற்று என்று சொல்வது என் மொழி. அதே மொழியில் வேறு வார்த்தையும் சொல்லப்பட வேண்டும்" என்றார். ஆனால் இந்த நகரத்தில் அந்த மொழி தெரிந்தவர்கள் அவருடைய கவிதையை விரும்பவில்லை. அவருடைய கருத்தை விரும்பியவர்களோ அந்த மொழியைக் காதால் கேட்கவும் விரும்பவில்லை. அதில் குற்றம் சொல்ல என்னால் இயலாது. சிங்களத்தில் வந்த கட்டளைகளை நானும் கேட்டவன்.

எஞ்சியிருந்தவர் ஒரே மகள். நகரின் வடக்கே வாழ்ந்தார். மகளுடைய மைத்துனன் ஒருவன் இஸ்ரேலில் பட்டாளத்தில் இறந்த அதே வாரத்திலும் தாய் பதாகையோடு நின்றதை மகள் மன்னிக்கவில்லை. நெடுங்காலம் எழுதாதிருந்த அம்மையார் ஒருநாள் படியில் உட்கார்ந்து, "மகளுக்காக ஒரு கவிதை எழுதிவிட்டேன். அவள் ஒருமுறை இருந்து கேட்டால் போதும். வீட்டுக்கு வரமாட்டாள், பொது இடமென்றால் வருவாள்" என்றார். பொருள் என்னவென்று கேட்டேன். முதலில் மகள் கேட்கட்டும் என்று சிரித்தார்.

எங்கள் முதியோர் சங்கம் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் பார்ட்டி ரூமில் கூடுவது வழக்கம். அங்கே கவிதை வாசிப்புக்கு ஒழுங்குசெய்தேன். அவர் யார், எதற்காக நிற்பவர் என்பதையெல்லாம் தலைவரிடம் விளக்கினேன். "செய்வம் அண்ணை, வெள்ளைக்காறி ஒருத்தி வாறது எங்களுக்கும் பெருமைதானே" என்றார்.

மகள் வந்தார். கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

விளக்கேற்றி, இறந்தோருக்கான அகவணக்கம் முடிந்து, தலைவர் பேச எழுந்தார். ஐயா, அம்மா, எங்கள் தலைமுறை இளமையில் எதைக் கேட்டு வளர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சிதறியிருந்த யூத இனம் நாடு கண்ட கதையை மேடைதோறும் எங்களுக்கு உதாரணம் காட்டினார்கள். தலைவருக்கும் வேறு எதுவும் நினைவில் வரவில்லை.

"ஊரூராய் அலைந்த இனம்! எதிரிகளை வென்று தன் மண்ணை மீட்ட வீர இனம்! அந்த இனத்தின் புதல்விக்குப் பொன்னாடை போர்த்துவதில் பேருவகை அடைகின்றோம். அவர்களைப் பார்த்து நாங்கள் படிக்க வேண்டும்!"

விருந்தினருக்கும் விளங்கவேண்டுமென்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். மண்டபம் கைதட்டியது. கடைசி வரிசையில் மகளும் தட்டினார். அன்று முதல் தடவையாக அவருடைய முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

அம்மையாரும் அந்தச் சிரிப்பைக் கண்டார். பேசாதிருந்தால் மகள் இருந்து கேட்பார். அது அவருக்கு நன்றாகத் தெரியும். போர்த்திய பொன்னாடையின் கரையை விரல்களால் வருடிக்கொண்டே சற்றுநேரம் நின்றார். பிறகு அதனைத் தோளிலிருந்து எடுத்து, கவனமாக மடித்து, மேசையில் வைத்தார்.

"இந்தத் துணி அழகானது. நீங்கள் அன்பானவர்கள். ஆனால் நீங்கள் புகழ்கின்ற அந்த வெற்றிக்கு எதிராகத்தான் நான் எழுதினேன். வீடிழந்தவர்களிடம் வந்து அதற்காக மரியாதை பெற என்னால் இயலாது" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மகள் எழுந்தார். தாய் எபிரேயத்தில் ஏதோ சொன்னார். மன்றாட்டுப் போல் இருந்தது. மகள் கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அதன்பிறகும் அந்தக் கவிதையை அவர் வாசித்தார். ஒரு வரியும் விடாமல், மூடிய கதவைப் பார்த்தபடியே வாசித்தார். மண்டபத்தில் எவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. முடிந்ததும் மரியாதைக்குக் கைதட்டினோம்.

"அண்ணை, உதை முதலே சொல்லியிருக்கலாமே?" என்றார் தலைவர், வியர்வையைத் துடைத்தபடி.

"சொன்னனான் தம்பி."

"கவிஞர் எண்டது காதிலை ஏறினது. மிச்சம் ஏறேல்லை. சரி, அவவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, ரோல்ஸ் ஆறப்போகுது."

வீடு திரும்பும் வழியில் அந்தக் கவிதையின் பொருளை நான் மறுபடி கேட்கவில்லை. பிறகு அவர் எதுவும் எழுதியதாகத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போய் நின்றார், பனியிலும் நின்றார். அவருடைய நாட்டுச் செய்திகள் முன்னிலும் கொடியனவாக வந்துகொண்டிருந்தன.

பின்னர் பக்கவாதம் வந்தது. அதில் ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. ஸ்காபரோவிலுள்ள பராமரிப்பு இல்லமொன்றில் அவரைச் சேர்த்தார்கள். பஸ் எடுத்துப் போய் அருகில் இருப்பேன். அவர் எபிரேயத்தில் பேசுவார். தாதியருக்கு விளங்காது, எனக்கும் விளங்காது. சிலவேளை குரல் அன்றைய மண்டபத்தில் கேட்ட அதே ஏற்ற இறக்கத்தில் போகும். அதுவே அந்தக் கவிதை என்று நினைத்து, மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். "நீங்கள் நல்லவர். ஆனால் நான் கேட்டது போதும்" என்றார் மகள். அவருடைய குரலும் உடைந்தே இருந்தது.

அவர் இறந்தது எனக்குப் பின்னரே தெரிந்தது. தாமதிக்காமல் அடக்கம் செய்வது அவர்கள் வழக்கமாம். எதிர்க்கதவு வீட்டை வெறுமையாக்கியபோது அவருடைய மூன்று நூல்களும் எங்கள் மாடியின் குப்பை அறை வாசலில் கிடந்தன. மனைவிதான் எடுத்துவந்தார்.

"புத்தகம் சரஸ்வதியெல்லோ. ஆற்றை பாசையெண்டால் என்ன, குப்பையிலை போடுறதே?"

இப்போது அவை எங்கள் சாமித்தட்டில் இருக்கின்றன. எந்தப் பக்கம் முதற்பக்கம் என்பதைத் தவிர அவற்றில் எனக்கு எதுவும் தெரியாது. மகளுக்கென எழுதிய கவிதை அவற்றுக்குப் பின்னர் எழுதியது, அவற்றில் இல்லை. அதன் தாளும் அகப்படவில்லை; அது எங்கும் இல்லை. நானும் மனைவியும் போனபின் அந்த நூல்களும் மீண்டும் அதே குப்பை அறைக்குப் போகும் என்றே எண்ணுகிறேன்.

கல்வெட்டுகளை எங்களவர் பெரும்பாலும் வாசிப்பதில்லை. ஆயினும் எறிவதுமில்லை, அலுமாரியில் எங்காவது வைத்துவிடுவார்கள். ஐயா, அம்மா, இதனையும் அவ்வாறே வைத்திருங்கள்.